பழைய நினைவட்டையும் +0500 தந்த குழப்பமும்

மொரீஷியஸின் கோர் தெ கார்த் மலைக்கோயிலில் 2009 பிப்ரவரியில் எடுத்த தைப்பூசக் காவடிப் படங்களையும், அதே காலையில் பதிவு செய்த நாதஸ்வரத்தையும் நேர வரிசையில் அடுக்கும் வேலை ஒருவழியாகக் கைகூடியிருக்கிறது. படங்களுக்குள்ளேயே எக்ஸிஃப் நேரம் (கேமரா படத்தோடு எழுதிவைக்கும், படமெடுத்த நேரம்) பதிந்திருப்பதால் அவற்றைப் பற்றிக் கவலையில்லை. ஒலிப்பதிவுக் கருவி நினைவட்டையில் எழுதிய வேவ் ஒலிக்கோப்புகளுக்கோ கோப்பு முறைமை தரும் நேரமுத்திரையைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

ஆறு மாதத்துக்கு மேல் பழைய கோப்பென்றால் லினக்ஸில் கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ் -எல்’ கட்டளை மணியை விழுங்கிவிட்டு ஆண்டை மட்டும் காட்டும் என்பதால், ‘--ஃபுல்-டைம்’ சேர்த்துத்தான் பார்த்தேன். எக்ஸிஃப்பில் 06:14:32 என்றிருந்த படத்துக்கு அது 07:14:32 +0500, அதாவது உலகப் பொது நேரமான யுடிசியைவிட ஐந்து மணி முந்திய நேரம், என்றது. 2010-ஆம் ஆண்டுக் கோப்புகளில் இந்த ஒரு மணி நேர வேறுபாடு இல்லை என்பதுதான் என்னை அலைக்கழித்தது.

ஃபாட்32 என்ற கோப்பு முறைமை கொண்ட அட்டை, கருவியின் கடிகாரம் காட்டிய உள்ளூர் நேரத்தைக் கால வலயக் குறிப்பின்றி அப்படியே எழுதிவைக்கிறது. அதுவும் இரண்டு விநாடிப் படிகளில், ஆகவே விநாடி எப்போதும் இரட்டைப்படைதான். ‘டைம்_ஆஃப்செட்=240’ என்று மவுண்ட் செய்தால் (கணினியோடு இணைத்தால்), லினக்ஸ் எல்லாக் கோப்புகளிலிருந்தும் ஒரே சீராக 240 நிமிடங்களைக் கழித்து யுடிசி ஆக்குகிறது. ஆனால் திருப்பிக் காட்டும்போது, 2008 அக்டோபர் 26 முதல் 2009 மார்ச் 29 வரை கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும் கோடைக்கால நேரத்தை மொரீஷியஸ் சோதித்துப் பார்த்தது, நாடுகளின் நேர மாற்றங்களைப் பதிந்துவைத்திருக்கும் கால வலயத் தரவுத்தளத்துக்குத் தெரியும். அதனால் நான்குக்குப் பதில் ஐந்து மணியைக் கூட்டுகிறது. நாமே மறந்துவிட்ட அந்த ஒற்றைக் கோடையை அந்தத் தரவுத்தளம் மறக்கவில்லை.

என் கருவிகளின் கடிகாரமும் அந்தக் கோடைக்கால நேரத்தையே காட்டியதால், அட்டையை ‘டைம்_ஆஃப்செட்=300’ என்று மறுபடி மவுண்ட் செய்து, ‘ஃபைண்ட்’ கட்டளையில், குறித்த நாளுக்குப் பின் மாறிய கோப்புகளைத் தேடும் ‘-நியூயர்எம்டி’ தெரிவை ஒருமுறை நேராகவும் ஒருமுறை வியப்புக்குறியால் மறுத்தும் கொடுத்து, அந்த ஐந்து மாதக் கோப்புகளை மட்டும் நேரமுத்திரை மாறாமல் நகலெடுக்கும் ‘சிபி -பி’ கொண்டு வன்தட்டுக்கு எடுத்தேன். இப்போது மேளமும் படமும் நிமிடம் பிசகாமல் பொருந்துகின்றன. ‘ஸ்டாட்’ கட்டளை காட்டும் பிறந்த நேரம் (கோப்பு உருவான நேரம்) மட்டும் நகலெடுத்த நாளாகவே இருக்கும். அதை ‘சிபி’யால் மாற்ற இயலாது, எனக்கு அது தேவையும் இல்லை.

போர்ட் லூயிஸில் ஒரு கடையில் வாங்கிய அட்டை வாசிப்பான் பெரிய கோப்புகளின் நடுவே இணைப்பை அறுத்துக்கொண்டே இருந்ததால், ஒவ்வொரு நகலையும் ‘சிஎம்பி’யால் மூலத்தோடு ஒப்பிட வேண்டியதாயிற்று. மலிவு என்பதற்காக அதை யாரும் வாங்க வேண்டாம்.

அடுத்தது பெரியப்பாவின் அட்டைகள். அவர் அந்தக் கோடையில் கேமராவின் கடிகாரத்தைத் தொடவே இல்லையாம். அப்படியானால் அவற்றுக்கு 240-தான் பொருந்தும். அவருடைய எக்ஸிஃப் நேரங்களில்தான் ஒரு மணியைக் கூட்ட வேண்டியிருக்கும்.