608 பேரிங் ஒருவழியாக உட்கார்ந்தது

சி.என்.சி. மெஷினில் (கணினி ஓட்டும் வெட்டு இயந்திரம்) குழி குடைந்த ஐந்தாவது அலுமினியத் தகட்டில், 608 பேரிங்கைக் கட்டைவிரலால் அழுத்தினேன். பேரிங் மெல்ல வழுக்கி இறங்கி உட்கார்ந்தது. முதல் நான்கும் பழைய அலுமினியக் குவியலுக்குப் போய்விட்டன.

ஃப்ரீகேடில் (கணினி வரைபட மென்பொருள்) வரைந்தது பேரிங்கின் வெளிவிட்டமான 22 மி.மீ. குழிதான். வெர்னியரை நம்பித்தான் இரண்டு தகடுகள் வீண். சின்னத் துளைக்குள் அதன் தாடைகள் குறைத்தே காட்டும். அது தெரியாமல் ஒரு மி.மீ.க்கு மோட்டார் எத்தனை ஸ்டெப் நகர வேண்டும் என்ற கணக்கைக் குடைந்து, பிறகு பழையபடி வைத்தேன். துளையின் உள்விட்டத்தை எடுக்கும் டெலஸ்கோபிக் கேஜும் மைக்ரோமீட்டரும் வந்த பிறகு முதல் தகட்டை அளந்தால் எக்ஸ் பக்கம் 21.90, ஒய் பக்கம் 21.94. வட்டமில்லை, கோழிமுட்டை.

முட்டைக்குக் காரணம் பேக்லாஷ், அதாவது திசை மாறும்போது திருகுக்கும் நட்டுக்கும் இடையே வீணாகும் அசைவு. எக்ஸ் அச்சின் நட்டை இறுக்கியதும் இரு பக்கமும் 21.94 ஆனது. வரைபடத்தில் 22.06 என்று மாற்றிவிடக் கை துறுதுறுத்தது. ஆனால் அது ஏமாற்று வேலை. தகட்டின் தடிமன் மாறினால் அந்தக் கணக்கும் மாறிவிடும்.

வெட்டும் டூலான எண்ட் மில்லின் விட்டத்தை அளந்தேன். உறையில் 6 மி.மீ., நிஜத்தில் 5.98. விற்றவரைக் கேட்டால் “டாலரன்ஸ் சார்” என்கிறார். டூல் டேபிளில் (மென்பொருளிலுள்ள டூல் அளவுப் பட்டியல்) திருத்தியதும் குழி 21.96.

மிச்சம் 0.04, அதாவது சுவருக்கு 0.02. இங்கேதான் நான்காவது தகடு போனது. ஃபீடைக் (டூல் நகரும் வேகம்) குறைத்தேன், டூலைச் சுழற்றும் ஸ்பிண்டில் வேகத்தை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் டூலைப் பிடிக்கும் காலட்டைப் பார்த்தால், 10 மி.மீ. தகட்டை வெட்ட டூலை 32 மி.மீ. வெளியே நீட்டி வைத்திருக்கிறேன்! கிளைம்ப் மில்லிங்கில் (சீவல் தடிமனாகத் தொடங்கி மெலிந்து முடியும்படி வெட்டும் முறை) வெட்டுவிசை டூலைச் சுவரிலிருந்து விலக்கித் தள்ளும், குழி சிறுத்துவிடும். டூலின் அந்த வளைவோ, வெளியே நீட்டிய நீளத்தின் கனத்துக்கு (நீளம் × நீளம் × நீளம்) ஏற்ப ஏறும். 21 மி.மீ. ஆக உள்ளே தள்ளியதும் வளைவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. சுவரில் 0.2 மி.மீ. விட்டு, அதை முழு ஆழத்துக்கும் ஒரே சுற்றில் எடுத்து, அதே டூல்பாத்தை (டூல் போகும் பாதை) இன்னொரு முறை சும்மா ஓடவிட்டேன். இரண்டாவது சுற்றிலும் தூசிபோல் சீவல் வந்தது. அளந்தால் 22.00!

இதே தகட்டில் எம்5 (5 மி.மீ.) மரை நான்கு பாக்கி. மரை வெட்டும் டேப் போட பயமாக இருக்கிறது. உடைந்து மாட்டிக்கொண்டால் இத்தனை பாடும் வீண். சுற்றிச் சுற்றி மரையைக் குடையும் த்ரெட் மில் ஒன்று வாங்கி, சுற்றுக்கு 0.8 மி.மீ. இறங்கும் ஹெலிக்ஸாக (திருகுச் சுருளாக) ஓட்டிப் பார்க்கலாமா என்று யோசனை. முதலில் அந்த நான்கு தகடுகளில் ஒன்றில்தான்.