மெய் அதிரும் இடம்

ஜனவரி 6
ஓம் ஓதும்போது உடம்பில் எங்கே அதிர்கிறது என்று தொட்டே பார்த்துவிடலாம் என உட்கார்ந்தேன். நெஞ்செலும்பின் மேல் உள்ளங்கை, மூக்குத்தண்டில் இரு விரல். 'ஓ' நீளும்போது நெஞ்சு அதிர்கிறது. உதடு மூடி 'ம்' பிறந்ததும் மூக்கும் உதடும் குறுகுறுக்கின்றன. மூக்கைப் பொத்தினால் 'ம்' உடனே அறுந்துபோகிறது. வாய் மூடியிருக்க, மேல்வாயின் பின்பக்க மென்பகுதியான மெல்லண்ணம் தாழ்ந்து மூச்சுக்கு மூக்கை மட்டுமே வழிவிடுகிறதல்லவா?

ஜனவரி 7
குரலை மேலே ஏற்ற ஏற்ற நெஞ்சதிர்வு தேய்கிறது, இறக்கினால் திரும்புகிறது. அப்படியானால் நெஞ்சைப் பொறுத்தவரை எழுத்தைவிடச் சுருதிக்கே அதிகாரம். இந்த எழுத்து ஈரலுக்கு, அந்த எழுத்து சிறுநீரகத்துக்கு என்று பட்டியல் போடுபவர்களை நான் நம்புவதில்லை.

ஜனவரி 9
அதிர்வை உணர்த்துபவை பாசினியன் நுண்ணுறுப்புகள். தோலின் ஆழத்திலும் மூட்டுகளின் அருகிலும் இருக்கின்றன. இத்தாலிய உடற்கூற்றியலாளர் பிலிப்போ பாசினியின் பெயர் இவற்றுக்கு. நொடிக்கு ஏறத்தாழ 250 அதிர்வுகளில்தான் இவற்றின் கூர்மை உச்சம். பெண்கள் பேசும் குரலில் குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 200 முறை அதிர்கின்றன. ஆண்களுக்கு அதில் ஏறக்குறைய பாதி. ஓதுகிற குரல், தோல் நன்றாக உணரக்கூடிய எல்லைக்குள்ளேயே விழுகிறது. உடம்பெல்லாம் அதிர்ந்தது என்று சொல்பவர்கள் கற்பனை செய்யவில்லை.

ஜனவரி 10
வேலை அதிகம். ஓதவில்லை.

ஜனவரி 12
எழுத்துகள் எப்படிப் பிறக்கின்றன என்று சொல்லும், தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் புரட்டினேன். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய மூன்றிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி எழுத்தாகிறது என்கிறார் தொல்காப்பியர். என் கை அதிர்வைக் கண்ட நெஞ்சும் மூக்கும் இதழும் அந்தப் பட்டியலிலேயே இருக்கின்றன!

ஜனவரி 15
அதிர்வால் நன்மை உண்டா? 2002இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அளந்தபோது, முனகியபடி மூச்சுவிட்டால் மூக்கிலிருந்து வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு, அமைதியாக மூச்சுவிடுவதைவிட 15 மடங்கு இருந்தது. அதிரும் காற்று, முகஎலும்புக் குழிகளில் தேங்கியதை வெளியே இழுக்கிறது. இதையே நோய்தீர்க்கும் மருந்து என்று விளம்பரம் செய்வது அதிகப்படி.

இன்னொன்று 2001இல் வந்த ஆய்வு. ஜெபமாலை சொன்னவர்களுக்கும் 'ஓம் மணி பத்மே ஹூம்' என்ற பௌத்த மந்திரத்தை ஓதியவர்களுக்கும் மூச்சு நிமிடத்துக்குச் சுமார் 6 ஆகக் குறைந்தது. இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் அந்த மூச்சோடு இசைந்தது. அந்த அமைதியில் அதிர்வைவிட நீண்ட மூச்சுக்கே பெரும் பங்கு என்று தோன்றுகிறது. நாளை குரல் எழுப்பாமல், அதே நீளத்துக்கு மூச்சை மட்டும் விட்டுப் பார்க்க வேண்டும்.