ரோட்டாகேப் விழுங்கிய ஆத்தா

மெடிக்கலில் பார்மசிஸ்ட்டாகச் சேர்ந்து இரண்டாவது வருஷம். திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊர். நாற்பது வருஷம் விறகடுப்பில் இட்லி சுட்டு விற்ற ஆத்தா ஒருவர் மூச்சு இளைத்துக்கொண்டே படியேறி வந்தார். "நீ குடுத்த மாத்திரை கேக்கவே இல்ல தாயி. வெந்நியிலதான் முழுங்குறேன்."

மஞ்சப்பையைக் கவிழ்த்தார். ரோட்டாகேப் என்பது இழுப்புக்கான மருந்துப் பொடி அடைத்த கேப்ஸ்யூல். முப்பது இருந்த டப்பாவில் மிச்சம் நாலு. அந்தப் பொடியை வாய்வழியாக உறிஞ்ச வேண்டிய கருவி கவர்கூடப் பிரிக்காமல் கிடந்தது. காலை 1, இரவு 1 என்று கவரில் எழுதியது என் கையெழுத்துதான். விழுங்கக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. பதிமூன்று நாள் மருந்து வயிற்றுக்குப் போயிருக்கிறது, நுரையீரலுக்கு ஒரு துளிகூடப் போகவில்லை.

அந்த கேப்ஸ்யூலுக்குள் இருந்தது இரண்டு மருந்து. ஃபார்மோடெரால் மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிய தசையைத் தளர்த்தும். சில நிமிஷத்தில் வேலையைத் தொடங்கி, பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். புடெசொனைடு ஸ்டீராய்டு, உள்ளே இருக்கும் வீக்கத்தை மெதுவாக வற்ற வைக்கும். இந்த இரண்டாவது வேலை கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் நன்றாக இருக்கிறது என்று நிறுத்திவிட்டு, இழுக்கும்போது உடனே மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்பூட்டமால் மட்டும் வாங்க வருகிறார்கள். ஆஸ்துமாவுக்கு அது மட்டும் போதாது என்று 2019-லேயே உலக ஆஸ்துமா அமைப்பான ஜினாவின் வழிகாட்டுதல் சொல்லிவிட்டது. அடிக்கடி அதையே கேட்டு வருபவரை இப்போது நான் சும்மா அனுப்புவதில்லை. உட்கார வைத்துப் பேசி, டாக்டரிடம் திருப்பி அனுப்புகிறேன்.

ஸ்டீராய்டு என்றதும் பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு சொல்வேன். இழுப்புக்கு விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரை மில்லிகிராமில். ஒன்று 10, 20 இருக்கும். இன்ஹேலரில் ஒரு தடவைக்கு 100, 200, 400 மைக்ரோகிராம். ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். அதுவும் நேராக நுரையீரலுக்கே போகிறது.

சரி, ஆத்தாவுக்கு வருகிறேன். ஸ்டூலில் உட்கார வைத்தேன். கேப்ஸ்யூலைச் செருகி, திருகி, உடைய வைத்துக் காட்டினேன். முதலில் மூச்சை வெளியே விடணும், அப்புறம் உதட்டை இறுக்கிப் பிடித்து வேகமாக, ஆழமாக உறிஞ்சணும், பத்து எண்ணும்வரை அடக்கணும். அழுத்தினால் பீய்ச்சும் பஃப் இன்ஹேலர் என்றால் மெதுவாக இழுக்கச் சொல்லியிருப்பேன். பொடிக்கு வேகம் வேண்டும். முதல் தடவை ஊதிவிட்டார், பொடியெல்லாம் சேலையில். இரண்டாவது தடவை இருமல். மூன்றாவது தடவை சரியாக வந்தது.

நான் சொல்லாமலே கருவியை ட்யூப்லைட் பக்கம் தூக்கிப் பார்த்தார். "பொடி ஒட்டியிருக்கே தாயி," என்று இன்னொரு தடவை உறிஞ்சினார். வாயில் வெள்ளைப் புண் வராமல் இருக்கக் கொப்பளிக்கணும் என்று சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். வாசல் சாக்கடை ஓரம் குனிந்து, மூன்று தடவை கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்தார்.