முப்பத்தொன்று

அக்டோபர் 14

பந்தயத்துக்கு 31 ஆப்டிமிஸ்ட் படகுகள், பிள்ளைகள் தனியாக ஓட்டும் சிறு பாய்மரப் படகுகள், பதிவாகியிருக்கின்றன. கடலுக்குப் போகும் படகுகளையும் கரை திரும்பும் படகுகளையும் குறித்துவைக்கும் பலகை இந்த ஆண்டும் என்னிடமே இருக்கிறது. நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 15

காலையில் எழுந்த வாடைக் காற்று இரவு வரை தணியவில்லை.

அக்டோபர் 16

சென்னைத் துறைமுகத்தின் வாயில் முதலில் கிழக்கு நோக்கி இருந்தது. 1881 நவம்பர்ப் புயல் அலைதடுப்புச் சுவர்களைச் சிதைத்தது. பின்னாளில் வாயிலை வடகிழக்குப் பக்கம் மாற்றினார்கள். ஐப்பசியில் காற்றும் அந்தப் பக்கமிருந்தே வருகிறது. வெளியே போகும்போது பிள்ளைகள் அலையை எதிர்கொண்டு போவதால் எனக்கு அவ்வளவு பயமில்லை. திரும்பும்போதுதான் அலை பின்னாலிருந்து தூக்கி, அந்தத் தட்டையான முகப்பைத் தண்ணீருக்குள் குத்துகிறது, 2.3 மீட்டர் நீளமே உள்ள படகு ஒரே முழுக்கில் நிறைந்துவிடுகிறது. எல்லோரும் புறப்பாட்டைப் பற்றியே பேசினார்கள். நான் திரும்புவதைப் பற்றிப் பேசினேன். மீட்புப் படகு இன்னொன்று தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அக்டோபர் 17

காலையில் 14 நாட் காட்டிய காற்றுமானி, பதினொரு மணிக்கு 22 நாட் காட்டியது. அதாவது மணிக்கு 40 கிலோமீட்டர். முதல் பந்தயத்துக்கு ஐந்து நிமிட எச்சரிக்கைக் கொடி ஏறியிருந்தபோது நடுவர் படகின் நங்கூரக் கயிற்றின் மேல் கை வைத்தேன். பிடித்து நிற்கும் நங்கூரத்தின் கயிறு விறைப்பாக இருக்கும். இன்று அது விட்டு விட்டு அதிர்ந்தது, சேற்றில் நங்கூரம் இழுபடுகிறது என்பது கைக்கே தெரிந்தது. தலைமை நடுவரிடம் சொன்னேன். “நிறுத்தலாம் அம்மா” என்று அவர் உடனே சிவப்பு வெள்ளைப் பட்டைக் கொடியை ஏற்றச் சொல்லி, ஹாரனை இரண்டு முறை ஒலிக்கவிட்டார். அரை மணி காத்திருந்த பிறகு அதன் கீழே ‘ஏ’ கொடியும் ஏறியது. இன்றைக்குப் பந்தயம் இல்லை.

பந்தயத்தில் இறங்குவதா வேண்டாமா என்ற முடிவு படகோட்டிக்கு மட்டுமே உரியது என்கிறது பாய்மரப் பந்தய விதிகளின் 3-ஆம் விதி. பெரியவர்களுக்கு அது நியாயமான விதி. பதினொரு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பொறுப்பை விட்டுவிட என் மனம் ஒப்பவில்லை. அது நடுவர் படகில் இருப்பவர்களுடையது.

கரையில் எண்ணியபோது 30 வந்தது. மறுபடி எண்ணினேன், 30. வானொலியில் மீட்புப் படகுகளை ஒவ்வொன்றாக அழைத்தபோது என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. பதினொரு நிமிடங்கள் கழித்துத்தான் விடை கிடைத்தது: ஒரே கயிற்றில் இழுத்துவரப்பட்ட இரண்டு படகுகளில், பாய் சுருட்டிய பின்படகை நான் குறிக்கவே இல்லை. அதன் சிறுமி மீட்புப் படகில் துண்டு போர்த்தி உட்கார்ந்திருந்தாள். பிழை என்னுடையது.

அக்டோபர் 18

மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டது. துறைமுகக் கட்டுப்பாட்டு அறை சிறு படகுகள் எதையும் அனுமதிக்கவில்லை.

அக்டோபர் 19

மழை. படகுகளைக் கவிழ்த்துக் கட்டியிருக்கிறோம். ஒவ்வொன்றும் 35 கிலோ என்பதால் காற்று தூக்கிவிடும் என்று மணல் மூட்டைகளும் வைத்தோம். அவற்றையும் எண்ணினேன். 31.

அந்தச் சிறுமி தன் தண்ணீர் இறைக்கும் குவளையைத் தேடி வந்தாள். எண்ணெய் கேனை வெட்டிச் செய்தது. வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்காமலிருக்கத் துணி நாடா சுற்றியிருக்கிறது, கட்டியிருந்த நூல் அறுந்து ஒரு விரல் நீளமே மிச்சம். இரண்டு நாட்களாக அது என் பையில்தான் இருந்தது. புது நூல் போட்டுக் கொடுத்தேன். “ஆன்ட்டி, நாளைக்குப் போகலாமா?” என்று கேட்டாள். கூண்டு இறங்கட்டும் என்றேன்.

இனிமேல் பாயைப் பார்த்துக் குறிக்கமாட்டேன். படகிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரைத் தானே சொல்லிக் கையெழுத்திட வேண்டும். அதற்குப் பிறகுதான் பலகையில் குறி.

அக்டோபர் 20

கூண்டு இறங்கவில்லை.

அக்டோபர் 21

காலை ஐந்து மணி. மழை விட்டிருக்கிறது, காற்று இன்னும் வடகிழக்கிலிருந்தே வீசுகிறது. கையெழுத்துத் தாளில் 31 கோடுகள் போட்டுவிட்டேன். வானொலியில் அழைக்கிறார்கள்.