பிஜோய்கர் அடுப்படி: ஏப்ரல்

ஏப்ரல் 2

பதினைந்தாம் தேதி மத்தியானம் எல்லோரும் வருவதென்று முடிவாகிவிட்டது. எட்டுப் பேர். பார்க் சர்க்கஸ் பக்கமிருந்து பிரியாணி வரவழைக்கலாமே, இந்த நேரத்தில் உனக்கு எதற்கு வேலை என்றாள் ஒருத்தி. முடியாது என்றேன். வங்காளப் புத்தாண்டான பொய்லா பொய்ஷாக் அன்று, கொல்கத்தா பிஜோய்கரில் இருக்கிற இந்த வீட்டு அடுப்படி சும்மா கிடந்ததே இல்லை. இந்த வருடமும் கிடக்காது.

ஏப்ரல் 3

என்னென்ன என்று எழுதிப் பார்த்தேன். ஷுக்தோ, பாகற்காய் சேர்ந்த கசப்புக் கூட்டு. மீன்தலை போட்ட பாசிப்பருப்பு, கத்திரிக்காய் வறுவல். வாழைப்பூ கொண்டோ, அதாவது கூட்டு. ஆலு போஸ்தோ, கசகசா அரைத்து விட்ட உருளைக்கிழங்கு. கடுகு அரைத்து விட்ட பார்ஷே மீன். உருளைக்கிழங்கு போட்ட ஆட்டுக்கறி ஜோல், குழம்புதான். மாங்காய்ச் சட்னி, அப்பளம். கோபிந்தோபோக் அரிசியில் பாயேஷ், நம் பால் பாயசம்.

சமைப்பது கூடக் கவலையில்லை. பரிமாறுவதுதான். நம் ஊரில் இலை நிறையக் கறிவகைகளை வைத்த பிறகுதான் சோறே விழும். இங்கே ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. கசப்பு முதலில், கொஞ்சம் சோற்றோடு. பிறகு பருப்பும் வறுவலும். பிறகு காய்கறி, மீன், கறி. புளிப்பும் இனிப்பும் கடைசியில். உணவகங்களில் பத்துக் கிண்ணங்களை ஒரே தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அதில் ஷுக்தோவை யாரும் முதலில் தொடுவதில்லை, கறிக்குத்தான் கை போகிறது. கறிக்குப் பிறகு ஷுக்தோ சாப்பிட்டால் அது வெறும் பால்விட்ட காய்க்கூட்டு. பசியோடு இருக்கிற நாக்குக்கு அந்த மெல்லிய கசப்பு முதலில் போக வேண்டும். அதற்காகத்தான் இத்தனை பாடும்.

ராத்திரிச் சாப்பாடாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டவர்களுக்கு: ஷுக்தோ மத்தியானத்துக்கு உரியது. ராத்திரி கிடையாது.

ஏப்ரல் 4

ஷுக்தோவுக்கு வேண்டிய ராந்துனி விதை தீர்ந்திருக்கிறது. டப்பாவின் அடியில் வாசனை மட்டும்.

ஏப்ரல் 5

ஆஸ்பத்திரியில் இந்த வீட்டு மாஷிமாவைப் பார்க்கும் நேரம் நாலு மணிக்கு. மாஷிமா என்றால் இங்கே பெரியம்மா, சித்தி. பத்து நிமிடம்தான் உள்ளே விட்டார்கள். கை வீங்கியிருந்தது, ஊசி குத்திக் குத்தி. நான் எதையெதையோ பேசிக்கொண்டிருந்தேன். மாஷிமா கண்ணைத் திறந்து, "போஸ்தோ எதில் அரைக்கப் போகிறாய், மா?" என்றார்.

ஷில்லில்தான் என்றேன், அம்மிக்கல்லில்.

"கொத்தினாயா?"

இன்னும் இல்லை. நாளைக்கே ஆளைத் தேட வேண்டும்.

ஏப்ரல் 7

ஷில் கொத்துபவர் வந்தார்! காலை ஒன்பது மணிக்குத் தெருமுனையில் "ஷில் காட்டாஆஓ" என்று குரல் கேட்டதும் செருப்புப் போடாமல் ஓடினேன். சின்ன வயதில் எங்கள் தெருவில் "அம்மி கொத்தலையோ" என்று வருவாரே, அதே இழுப்பு. வாசலில் உட்கார்ந்து உளியும் சுத்தியலுமாக முக்கால் மணி நேரம் கொத்தினார். தலைப்பக்கத்தில் தேய்ந்துபோயிருந்த மீனையும் புதிதாகச் செதுக்கினார். இதற்கு முன் கடைசியாக எப்போது கொத்தியது என்று கேட்டார். மாஷிமாவைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லவந்து நிறுத்திக்கொண்டேன்.

கல்தூள் போகப் பச்சரிசியைப் போட்டு அரைத்துக் கழுவிவிட்டேன். அரிவாள்மணையும் சாணை பிடித்தாயிற்று. அதை இவர்கள் 'பொண்ட்டி' என்பார்கள். உட்காருவதும் காலால் அழுத்திக்கொள்வதும் நம் வீட்டில் செய்வது போலவேதான்.

போஸ்தோவை மிக்சியில் அரைத்தால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் ஒரே பதில். அளவு கொஞ்சமானால் மிக்சியில் கசகசா ஓரத்தில் ஒட்டிக்கொண்டு முழுசாகவே சுற்றும். தண்ணீர் விட்டு விட்டு அரைத்தால் நீர்த்துப்போகும். கல்லில் ஊறவைத்த கசகசாவைப் பச்சைமிளகாயோடு இழுத்து அரைத்தால் வெண்ணெய்ப் பதத்தில் வரும், அதன் எண்ணெய் அதிலேயே இருக்கும்.

விலைதான் நெஞ்சை அடைக்கிறது. கிலோ ஆயிரம் ரூபாய்க்கு மேல். அபினிச் செடியின் விதை என்பதால் அரசு உரிமம் இல்லாமல் பயிரிட முடியாது. உரிமம் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்துக்கு மட்டும்தான். தின்னுகிற ஊரில் விளையக் கூடாது. 2023-இல் மம்தா பானர்ஜி சட்டமன்றத்திலேயே இதைப் பேசினார், எங்கள் மாநிலத்திலும் விளைவிக்க விடுங்கள் என்று. நியாயமான கேள்வி. பாங்குராவிலும் பீர்பூமிலும் உளுத்தம்பருப்பும் ஆலு போஸ்தோவும் இருந்தால் வேறெதுவும் வேண்டாம் என்பார்கள். வரப்போகிறவர்களில் ஒருத்தி பாங்குராக்காரி. அவளுக்காகத்தான் ஆலு போஸ்தோவே பட்டியலில் ஏறியது.

ஏப்ரல் 8

ராந்துனிக்காக கரியாஹாட் போனேன். சைத்ர மாதத் தள்ளுபடி விற்பனை. நடைபாதையில் கால் வைக்க இடமில்லை. இரண்டு கடைகளில் ஓமத்தை எடுத்து நீட்டினார்கள். பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். வாயில் போட்டால் வேறு. ஓமம் காரமாகச் சுடும். ராந்துனி செலரித் தண்டின் வாசனை, பச்சையாக, மூக்கின் பின்பக்கம் நின்றுகொண்டே இருக்கும். ஐந்து விதைத் தாளிப்பான பாஞ்ச் ஃபோரனில் சோம்பு, சீரகம், வெந்தயம், கருஞ்சீரகத்தோடு ஐந்தாவதாகச் சேர வேண்டியது இதுதான். வெளியூர்களில் கிடைக்காததால் கடுகைப் போட்டுவிடுகிறார்கள். ஷுக்தோவில் அந்த மாற்றுக்கு இடமே இல்லை. கடைசியில் வறுத்துப் பொடித்து மேலே தூவும் ராந்துனி இல்லையென்றால் அது ஷுக்தோ இல்லை.

மூன்றாவது கடையில் வயதானவர் ஒருவர் ஐம்பது கிராம் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். எதற்கு என்றும் கேட்டார். சொன்னேன். உளுந்து வடகம் வைத்திருக்கிறாயா என்று கேட்டார், இவர்கள் 'பொரி' என்பதை. வைத்திருக்கிறேன். போன குளிர்காலத்தில் மாடியில் மாஷிமா கிள்ளி வைத்துக் காயவைத்தது.

ஏப்ரல் 9

மாஷிமாவுக்கு ஆபரேஷன் பதினொன்றாம் தேதி காலை எட்டு மணிக்காம்.

ஏப்ரல் 10

சாயங்காலம் கால்பொய்ஷாகி, கோடைப் புயல்மழை, அடித்தது. முதல் காற்று. அரை மணி நேரத்தில் ஊரே குளிர்ந்துபோயிற்று. பக்கத்து வீட்டு மாமரத்துப் பிஞ்சுகள் நம் பக்கம் விழுந்து சிதறிக் கிடந்தன. நானும் மாடிவீட்டு பௌதியும் (அண்ணி என்று அழைப்பது) முந்தானையில் பொறுக்கினோம், மின்சாரம் இல்லாத இருட்டில் சிரித்துக்கொண்டே. பாதியை இன்றைக்கே பருப்பில் போட்டோம். கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்து, தண்ணீராக, துளி சர்க்கரை.

சட்னிக்கு மாங்காய் வாங்க வேண்டியதில்லை. மனசு லேசாக இருந்தது. இப்போது இல்லை.

ஏப்ரல் 11

உருளைக்கிழங்கு பற்றி முடிவுசெய்தாக வேண்டும். ஜோதியா, சந்திரமுகியா. சந்திரமுகி விலை கூடுதல், மாவாக வேகும், வாசனை உண்டு. ஜோதி குழையாது. ஆட்டுக்கறி ஜோலில் கிழங்கை இரண்டாக மட்டுமே வெட்ட வேண்டும். நாலாக வெட்டினால் கரையும். மஞ்சள் தடவிக் கடுகெண்ணெயில் சிவக்கப் பொரித்துத் தனியாக வைத்துவிட வேண்டும். பிறகு அதே எண்ணெயில் துளி சர்க்கரை, அது கருஞ்சிவப்பாக உருகினால்தான் குழம்புக்கு அந்த நிறம் வரும். பிரிஞ்சி இலை, பட்டை, ஏலக்காய், கிராம்பு. வெங்காயம். இஞ்சி பூண்டு. கறி எண்ணெய் கக்கும்வரை கிளற வேண்டும், அவசரப்படக் கூடாது. அதற்கப்புறம்தான் வெந்நீர். கிழங்கு கடைசியில்.

சந்திரமுகிதான்.

மணி பதினொன்றரை. யாரும் வெளியே வரவில்லை.

ஒன்று இருபது. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு.

பாயேஷுக்குப் பால் மூன்று லிட்டர் போதுமா.

ஏப்ரல் 12

கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து கடுகு ஊறப்போட்டேன், ஒத்திகைக்கு. கறுப்பும் மஞ்சளும் சரிபாதி. உப்பும் பச்சைமிளகாயும் சேர்த்துத்தான் அரைக்க வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். அதிகம் அரைத்தாலும் கசக்கும், அடுப்பில் அதிகம் வைத்தாலும் கசக்கும். கருஞ்சீரகம் தாளித்து, அரைத்ததை விட்டு, ஒரு கொதி வந்ததும் மீனைப் போட்டு, மேலே பச்சைக் கடுகெண்ணெய் சுற்றி, மூடி, அணைத்துவிட வேண்டும். நன்றாக வந்தது. தட்டில் போட்டு வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 14

காலையில் அம்மா பேசினாள். வேப்பம்பூ போட்டாயா, மாங்காய்ப் பச்சடி செய்தாயா. செய்தேன். லேக் மார்க்கெட்டில் வேப்பம்பூவே கிடைத்தது, நம்மவர்கள் இருக்கிற பகுதி. இங்கே இந்த மாதத்தில் வேப்பங்கொழுந்தையே கத்திரிக்காயோடு வறுத்துச் சோற்றில் பிசைந்து சாப்பிடுகிறார்கள். மாஷிமாவுக்குப் பிடித்தது.

சாயங்காலம் இரண்டு பேர் உதவிக்கு வந்தார்கள். வாழைப்பூ ஆய உட்கார்ந்தோம். கள்ளன் எடுப்பதை நான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது! அவர்கள் வீட்டில் சந்தையிலேயே ஆய்ந்ததை வாங்கிவிடுகிறார்களாம். மஞ்சள் தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறது.

கொண்டோவில் வெங்காயம் சேர்ப்போமா என்று பேச்சு வந்தது. வேண்டாம் என்றேன். தேங்காய், உருளை, நெய், கரம் மசாலா, அவ்வளவே. இது மாஷிமாவின் அம்மா செய்தது. கிழக்கு வங்காளத்துப் பரிசாலிலிருந்து பிரிவினைக்குப் பிறகு கைக்குழந்தையோடு வந்து, போர்க்காலப் பட்டாள முகாமாக இருந்த இந்த பிஜோய்கரில் தகரக்கூரை போட்டு உட்கார்ந்தவர். கணவர் போனபோது இருபத்தாறு வயது. அன்றோடு மீன் இல்லை, கறி இல்லை, வெங்காயம் பூண்டு இல்லை. மைசூர்ப் பருப்புகூட விதவைக்கு ஆகாது என்று வைத்திருந்தார்கள். மிச்சம் விட்டதை வைத்துக்கொண்டு வாழைப்பூவையும் புடலைத் தோலையும் வாழைக்காய்த் தோலையும் இந்தப் பெண்கள் இவ்வளவு ருசியாக்கினார்கள். அதைப் புகழ்கிறபோதெல்லாம் எனக்குக் கோபமும் சேர்ந்து வருகிறது. வயிற்றைக் கட்டிப்போட்ட ஊர், அந்த வயிற்றின் சமையலை இன்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது.

மாஷிமா ஒருமுறை சொன்னார்: "அம்மா மீனை விட்டாள். நான் விடவில்லை. அவர் போன பதினாலாம் நாள் நானே போய் பாப்தா மீன் வாங்கி வந்தேன்."

பருப்பில் சர்க்கரை எவ்வளவு என்று இருவருக்கும் சண்டை. ஒருத்தி கொட்டி, மேற்கு வங்காளக்காரி; ஒருத்தி பாங்கால், கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த குடும்பம். இது பாங்கால் வீட்டு அடுப்பு. அரை ஸ்பூனுக்கு மேல் கிடையாது.

ஏப்ரல் 15

ஐந்து மணிக்கே மீன்கடை. பார்ஷே பதினாறு, ஒரு பெரிய கட்லாத் தலை. கடைக்காரர் புதுக்கணக்குப் போட்டு முடித்திருந்தார். கையில் இனிப்புப் பெட்டியும் காலண்டரும் கொடுத்தார். மாஷிமாவுக்கு என்று இன்னொரு பெட்டி.

ஒவ்வொன்றாகத்தான் பரிமாறினேன். பாகற்காய், வாழைக்காய், முருங்கை, சர்க்கரைவள்ளி, கத்திரி, வடகம், பால். ராந்துனி. முதல் வாய்க்குப் பிறகு யாரும் பேசவில்லை. அப்புறம் பாங்குராக்காரி தட்டை நகர்த்தி, இன்னும் கொஞ்சம் ஷுக்தோ என்றாள். ஷுக்தோவை இரண்டாம் முறை கேட்டு நான் பார்த்ததில்லை.

அடுத்து பருப்பு வந்தபோது எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள், பிறகு நிறுத்தவே இல்லை. கறி முடிய மணி மூன்றரை. கிழங்குக்குத்தான் போட்டி. போஸ்தோ மிச்சமில்லை.

மாஷிமாவின் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. யாரும் சொல்லவுமில்லை.

பாத்திரம் கழுவவில்லை. கால் வலி.

ஏப்ரல் 16

மதியம் வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். கஞ்சி கொடுத்திருக்கிறார்கள், வேண்டாம் என்று தள்ளிவிட்டாராம். வீட்டிலிருந்து காரமில்லாமல் கொண்டுவரலாம் என்று நர்ஸ் சொன்னார்.

மீன்காரருக்குப் போன் செய்தேன். காலையில் உயிருள்ள ஷிங்கி மீன், தண்ணீர் வாளியிலேயே எடுத்து வைக்கிறாராம், நடுத்தர அளவில் நாலு. சீரகமும் இஞ்சியும் அரைத்து, வாழைக்காய் நீளமாக வெட்டிப் போட்டு, எண்ணெய் ஒரு ஸ்பூன், குழம்பு தண்ணீராக. மிளகாய் வேண்டாம். பச்சை வாழைக்காய் வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது, இன்னொன்று வாங்கணும். டிபன் கேரியரின் மூடி பௌதி வீட்டில் இருக்கிறது.