ராகலை மலையில் எங்கள் ஜீப்போடு ஒரு நாள்

இலங்கையில் நுவரெலியாவுக்குப் பக்கத்துக் கந்தப்பளையில் எங்களுக்குக் கொஞ்சம் மரக்கறித் தோட்டம் இருக்கிறது. கரட், லீக்ஸ் மூட்டைகளைத் தோட்டத்திலிருந்து தார் ரோட்டுக்கு ஏற்றி வருவது அப்பா வாங்கிய பழைய மிட்சுபிஷி ஜீப்தான். 4டிஆர்5 டீசல் எஞ்சின், 2,659 சிசி. பதினாறு வயதில் அதில்தான் ஓட்டக் கற்றேன். அதனால் ஃபோர்வீல் (நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி) கழகம் ஒன்று ராகலைக்குப் பக்கத்தில் மலையில் வண்டி ஓட்டும் நட்புப் போட்டி வைக்கிறது என்று கேள்விப்பட்டதும் தம்பியிடம் சொல்லிவிட்டேன்: நான் ஓட்டுகிறேன், நீ இறங்கி வழி காட்டு.

ஆனால் தனி வண்டியாகச் சேர முடியாது. ஓர் அணிக்கு இரண்டு வண்டி, நான்கு பேர். எங்களைப் போலவே துணை இல்லாமல் வந்திருந்த கண்டித் தம்பதியோடு கழகத்தார் எங்களைச் சேர்த்துவிட்டார்கள். அவர்களுடையது சுசுகி ஜிம்னி, முன்னால் மின்சார வின்ச், அதாவது கம்பியைச் சுற்றி இழுக்கும் உருளை, பூட்டியது. கணவர் என்னை நங்கி (தங்கை) என்றார், நான் அவரை அய்யே (அண்ணன்) என்றேன். அரைச் சிங்களம், அரைத் தமிழில் அன்று முழுக்கச் சமாளித்தோம்.

முதல் நாள் மாலை வண்டிப் பரிசோதனை. அதிலேயே எங்கள் ஜீப் நின்றுவிட்டது. பேட்டரியைப் பழைய டியூப் ரப்பரால் கட்டி வைத்திருந்தோம். வண்டி பக்கவாட்டில் சாய்ந்தால் பேட்டரி நகர்ந்து இரும்பில் பட்டுத் தீப்பிடிக்கலாம் என்றார்கள். அதுகூடப் பரவாயில்லை. பின்னால் இருந்த இழுவைக் கொக்கி பம்பரில் மட்டும் மாட்டப்பட்டிருந்தது. பம்பர் பிய்ந்தால் அந்தக் கொக்கி கயிற்றோடு பறந்துவந்து ஆளை அடிக்கும். சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், நேரடியாகப் போல்ட் போட்டால்தான் அனுமதி. ராகலைக் கராஜ் பாஸ் இரவு ஒன்பது மணிவரை கூட இருந்து இரண்டையும் முடித்துக் கொடுத்தார். எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது.

காலையில் பாதையை நடந்து பார்க்க ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். முதல் தடவை போகிறவர்கள் இந்த ஒரு மணி நேரத்தைத் தேத்தண்ணிக் கோப்பையோடு கழித்துவிடாதீர்கள். இடம் கைவிடப்பட்ட தேயிலை மலை, எங்கும் மானாப் புல் இடுப்பளவுக்கு வளர்ந்திருந்தது. தேயிலை மலை என்றால் சரிவுக்குக் குறுக்கே மழைத்தண்ணீர் போகக் கான் வெட்டியிருப்பார்கள். தோட்டத்தைக் கைவிட்டாலும் கான் அப்படியேதான் இருக்கும், புல்லுக்குக் கீழே. தம்பி காலால் தடவித் தடவி ஒவ்வொரு கானையும் கண்டுபிடித்துக் குச்சி நட்டான். அப்புறம் டயர்க் காற்றை 32 பிஎஸ்ஐயிலிருந்து 18க்கு இறக்கினோம். காற்று குறைந்தால் டயர் தட்டையாகி மண்ணில் அதிக இடம் பிடிக்கும், சறுக்கல் குறையும்.

முதல் சுற்று மூங்கில் கம்புகளுக்கு இடையே ஓட்டுவது. கம்பில் பட்டாலும், பின்னால் எடுத்தாலும், எஞ்சின் நின்றாலும் புள்ளி குறையும். ஓரிடத்தில் வலது முன் சக்கரமும் இடது பின் சக்கரமும் ஒரே நேரத்தில் அந்தரத்தில் தூக்கிக்கொண்டன. எங்கள் வண்டியில் இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் டிஃப் லொக் கிடையாது. சக்தி முழுவதும் காற்றில் சுற்றும் சக்கரங்களுக்கே போகும், நிலத்தில் இருப்பவை அசையாது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும். தம்பி கையைக் காட்டி நிறுத்தினான். பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே ஆக்ஸிலேட்டர் கொடுத்தேன். வெறுமனே சுற்றிய சக்கரங்களை பிரேக் பிடித்துக்கொள்ள, மற்ற இரண்டும் மெல்லக் கடித்து ஏறின. இரண்டாவது சுற்று இறக்கம். லோ கியர் ஒன்றில் போட்டு, கிளச்சைத் தொடாமல் எஞ்சின் பிடியிலேயே இறங்கினால் போதும். கரட் மூட்டையோடு நான் தினமும் செய்வதுதான்.

மூன்றாவதுதான் அணிச் சுற்று. இரண்டாவது வண்டி கோட்டைத் தாண்டும்போதுதான் நேரம் நிற்கும். ஒக்டோபர் மாதம், மத்தியானம் இரண்டு மணிக்கு மலைநாட்டில் மழை வராமல் இருக்குமா? சரியாக வந்தது. நாங்கள் முதலில் ஏறிவிட்டோம். பின்னால் வந்த ஜிம்னியின் முன் சக்கரம் கானுக்குள் விழுந்தது. தம்பி நட்ட குச்சியை எங்கள் சக்கரமே மிதித்துப் போயிருந்தது. அது எங்கள் தவறு.

நான் இழுவைப் பட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒரே வெட்டில் இழுத்துவிடலாம் என்ற அவசரம்.

“அக்கா, வேணாம். சக்கரம் கான் சுவத்துல முட்டிக்கிட்டு இருக்கு. வெட்டி இழுத்தா ஆக்சில்தான் போகும்,” என்றான் தம்பி.

அவன் சொன்னது சரி. வின்ச்சால் மெதுவாகத்தான் தூக்க வேண்டும். ஆனால் கம்பியை எதில் கட்டுவது? பக்கத்தில் ஒரு சவுக்கு மரம், ஆனால் கான் ஓரத்தில், ஊறிய மண்ணில் நின்றது. உறுதியான டர்பன்டைன் (யூகலிப்டஸ்) மரம் மேலே வெகுதூரத்தில், கம்பி எட்டாது. கடைசியில் எங்கள் ஜீப்பையே நடுவில் நிறுத்தினோம். அதன் முன்பக்கத்தை டர்பன்டைன் மரத்தோடு சங்கிலியால் பிணைத்தோம், மரப்பட்டை வெட்டுப்படாமல் அகலமான பட்டி சுற்றி. நான்கு சக்கரத்துக்கும் பின்னால் கல் வைத்தோம். ஜிம்னியின் வின்ச் கம்பியை எங்கள் பின் கொக்கியில் மாட்டினோம், முந்தின இரவு போல்ட் போட்ட அதே கொக்கியில். கம்பி அறுந்தால் துள்ளாமல் கீழே விழ நடுவில் நனைந்த சாக்கைப் போட்டோம். அய்யேயின் மனைவி எல்லோரையும் தூரத் தள்ளி நிற்க வைத்தார்.

வின்ச் முனகியது. ஜீப் ஒரு விரற்கடை பின்னால் வந்து கல்லில் நின்றது. ஜிம்னி மூக்கைத் தூக்கி, அரை அடி அரை அடியாக மேலே வந்தது. அந்தக் கான் மட்டும் இருபது நிமிடத்துக்கு மேல் சாப்பிட்டுவிட்டது. ஒன்பது அணியில் நான்காவது இடம். எனக்கு அது மிகப் பெரிய சந்தோஷம்.

போட்டி முடிந்தும் யாரையும் உடனே போக விடவில்லை. சக்கரம் உழுத தடத்தில் அடுத்த மழைக்குத் தண்ணீர் இறங்கினால் மலையே அரிக்கும். கீழே தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் (வரிசை வீடுகள்) இருக்கின்றன. ஒவ்வோர் அணியும் தன் தடத்தைக் கல்லாலும் வெட்டிய மானாப் புல்லாலும் அடைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அடைபட்ட கானையும் மண்வெட்டியால் திறந்துவிட்டோம். நீர் மறுபடி அதன் வழியில் ஓடத் தொடங்கியபோது நன்றாக இருட்டிவிட்டது. டயருக்குக் காற்று அடிக்கும்வரை அய்யே டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா கட்டிக் கொடுத்த ரொட்டியையும் கட்டைச் சம்பலையும் நான்கு பேரும் ஜீப்பின் பின்பலகையில் வைத்துச் சாப்பிட்டோம்.