மூக்கு ஒரு பக்கம், போவது ஒரு பக்கம்

14 ஜூன் 2025, சனி

தோள்பட்டை இரண்டும் கழன்று விழும் போலிருக்கிறது. சிங்கப்பூரில் சாங்கிக் கரையிலிருந்து புலாவ் உபின் தீவுக்குக் கயாக்கில் (துடுப்புப் படகு) குழுவோடு கிளம்பினேன், கடைசி ஆளாகக் கரை சேர்ந்தேன். படகின் மூக்கை அக்கரை ஜெட்டியை (படகுத்துறை) விட்டு விலகவே விடக்கூடாது என்று ஒரு பிடிவாதம். நீரோட்டம் இடப்பக்கமிருந்து தள்ளத் தள்ள நானும் மூக்கைத் திருப்பிக்கொண்டே இருந்ததில், முடிவில் ஓட்டத்தை எதிர்த்தே துடுப்பு போட வேண்டியதாகிவிட்டது. பயிற்றுநரோ முதலிலிருந்தே ஜெட்டிக்கு நன்றாக இடப்புறம் பார்த்துத் துடுப்பு போட்டார், நேராகப் போய் இறங்கிவிட்டார்.

15 ஜூன், ஞாயிறு

மகள் உயர்நிலை மூன்று. வெக்டர் கூட்டலை, அதாவது நீளமும் திசையும் உள்ள அம்புகளைக் கூட்டுவதை, படம் வரைந்துதான் செய்ய வேண்டுமாம். (தமிழ்நாட்டில் திசையன், பக்கத்து புளோக் யாழ்ப்பாணத்து அக்காவுக்குக் காவி.) என் அவமானத்தையே கணக்காகக் கொடுத்தேன். குறுக்கே 2 கிலோமீட்டர், துடுப்பு வேகம் மணிக்கு 5, நீரோட்டம் குறுக்காக 3. எல்லாம் வசதிக்கு நானே வைத்த எண்கள்.

அவள் நேராக 5, அதன் முனையிலிருந்து வலப்பக்கம் 3 வரைந்து, "24 நிமிஷத்துல அக்கரைப்பா, ஆனா ஜெட்டிக்கு 1.2 கிலோமீட்டர் தள்ளி" என்றாள். சரிதான், ஆனால் நான் கேட்டது அதுவல்ல. போய்ச் சேர வேண்டிய திசை தெரியும், அந்தக் கோட்டின் நீளம் தெரியாது. படகுக்கு நீளம் 5 என்று தெரியும், திசை தெரியாது. இந்த இடத்தில் எனக்கே பத்து நிமிடம் ஓடவில்லை. அப்புறம் முதலில் ஜெட்டிக்கு ஒரு கோடு, கிளம்பும் புள்ளியிலிருந்து நீரோட்டத்துக்கு 3 சென்டிமீட்டர், அதன் முனையில் காம்பஸை ஊன்றி 5 சென்டிமீட்டரில் ஒரு வில். வில் ஜெட்டிக் கோட்டை 4-இல் வெட்டியது, அதாவது ஜெட்டியை நோக்கி மணிக்கு 4 கிலோமீட்டர்! மூக்கை 37 டிகிரி இடப்பக்கம் திருப்பி வைத்தால் 30 நிமிடம்.

17 ஜூன், செவ்வாய்

எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து என் முட்டாள்தனத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடைசிவரை ஜெட்டியையே பார்த்துப் போனால் 37.5 நிமிடம். கூடுதல் சரியாக ஏழரை! அதுவும் சனிக்கிழமையில்.

இரவு ஊரில் இருக்கும் அப்பாவிடம் போனில் சொன்னேன். "நீவாடு இழுக்கும்போது ஒரு அடையாளம் போதுமாடா? ஜெட்டியையும் பின்னால ஒரு மரத்தையும் ஒரே கோட்டுல வச்சுக்க. மரம் வலப்பக்கம் நழுவுனா நீயும் வலப்பக்கம்தான் போற." நீவாடு என்றால் அவருக்கு நீரோட்டம். காம்பஸும் இல்லை, சைனும் இல்லை.

21 ஜூன், சனி

குடும்பத்தோடு பம்போட்டில் (மோட்டார் படகு) உபின். 12 பேர் சேரும்வரை காத்திருப்பு. பாதி வழியில் மகள் என் முழங்கையை இடித்தாள்: மூக்கு ஜெட்டிக்குக் கொஞ்சம் இடப்புறம், படகு போவதென்னவோ ஜெட்டிக்கு. "இது வேகமான படகுப்பா, 15-ல போனா 12 டிகிரிகூட வேண்டாம்." திரும்பும்போது மூக்கு வலப்பக்கம் இருக்கும் என்று அடித்துச் சொன்னாள். சாயங்காலம் பார்த்தால் படகு நூல் பிடித்ததுபோல் நேராகப் போகிறது. அவள் முகம் போன போக்கைப் பார்த்துப் படகோட்டி அங்கிளிடம் எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். அவர் தண்ணீரைப் பார்த்துக் கையை ஆட்டினார், "ஆருஸ் தக் அடா." ஓட்டமே இல்லையாம்.